பஸ் நின்றது, அம்மா நடக்கவில்லை

"நீ கோடு போட்டா பஸ்ஸு நின்னுடுமா?"

அம்மா இதைக் கேட்டபோது கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். முழங்கால் மடங்காமல் போனதிலிருந்து அரிவாள்மணையை மூலையில் சாத்திவிட்டு, பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து கத்தியால் நறுக்கப் பழகியிருந்தாள். கத்தியின் மேல் அவளுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. கையில் எடுக்கும்போதெல்லாம் ஒரு முறை முறைத்துப் பார்ப்பாள். அன்று என் வரைபடத்தையும் அப்படித்தான் பார்த்தாள்.

மல்காஜ்கிரியில் எங்கள் வீட்டுத் தரையில் பாதியை அந்த வரைபடம் அடைத்துக்கொண்டிருந்தது. ஓரம் சுருண்டுவிடாமல் ஒரு பக்கம் உப்பு ஜாடி, மறுபக்கம் அப்பாவின் டார்ச் லைட். வலது மூலையில், 'வரைந்தவர்' என்ற இடத்துக்கு எதிரே, சின்ன எழுத்தில் என் பெயர். அம்மாவுக்கு எந்த மொழியிலும் படிக்கத் தெரியாது. நான் விரல் வைத்துக் காட்டினேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி.

"வெறும் கோடு இல்லம்மா, மேடு. ஃபுட்பாத் ஒசரத்துக்கு ரோட்டையே தூக்கறோம். வண்டி ஏறி எறங்கணும். தானா ஸ்லோ ஆவும்."

"ஸ்லோ ஆவறது வேற, நிக்கறது வேற."

"நிக்கும்மா."

"ஹவ், நிக்கும். நின்னு, 'வாங்க அஞ்சலையம்மா, பாத்துப் போங்க'ன்னு கும்புடும்."

இந்த ஊர் 'ஆமாம்'தான் அந்த 'ஹவ்'. சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். இந்தத் தொடரை முதல் வாரத்திலிருந்து படிக்கிறவர்களுக்கு என் அம்மாவின் வாயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. புதிதாக வருகிறவர்கள் போகப் போகத் தெரிந்துகொள்வார்கள்.

கம்பி வேலி

அந்த வரைபடம் ஒரே ஒரு இடத்துக்கானது. செகந்திராபாத்தில் பஸ்கள் வரிசையாக வந்து நிற்கும் அகலமான சாலை. இந்தப் பக்கம் பஸ் ஸ்டாப், அந்தப் பக்கம் கடைத்தெரு. நடுவே டிவைடரில் ஒரு திறப்பு. காலையிலிருந்து இரவு வரை ஜனம் அந்தத் திறப்பு வழியாகத்தான் தாண்டும். கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் டிபன் ஹோட்டல் ஒன்றில் அம்மா சட்னி அரைக்கிறாள். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அங்கேதான் வேலை. அந்தத் திறப்பு இல்லையென்றால் அவளுக்கு வேலையும் இல்லை.

அதை மூடிவிடுவது என்று முடிவாகியிருந்தது. டிவைடர் நெடுக ஆளுயரக் கம்பி வேலி. தாண்ட வேண்டியவர்கள் சற்றுத் தள்ளியிருக்கும் நடைமேம்பாலத்தில் ஏறி இறங்கட்டும் என்பது ஏற்பாடு. வண்டிகளுக்கு இடைஞ்சல் இருக்காது, யாரும் அடிபடவும் மாட்டார்கள். காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல முடியாது.

அந்தப் பாலத்தில் அம்மா ஒரு முறை ஏறியிருக்கிறாள். பாதியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாளாம். மேலே போனால் இறங்க வேண்டும், கீழே போனாலும் இறங்கத்தான் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, உட்கார்ந்த வாக்கிலேயே ஒவ்வொரு படியாகத் தேய்த்துக்கொண்டு கீழே வந்தாளாம். இதை ஹோட்டலில் எல்லோருக்கும் நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்திருக்கிறாள். என்னிடம் மட்டும் வேறு மாதிரி சொன்னாள்.

"வேலி வந்துச்சுன்னா நான் வூட்ல உக்காந்துக்கறேன் மயேசு. என்னா இப்ப? செஞ்ச வரைக்கும் போதும்."

என் பெயர் மகேஸ்வரி. அந்தப் பெயரை முழுசாகச் சொல்ல அவளுக்கு இதுவரை பொறுமை வந்ததில்லை.

போதும் என்று அவள் சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும். அந்த ஹோட்டலில் அவளுடைய கார சட்னிக்கென்றே வரும் ரயில்வே ஆட்கள் இருக்கிறார்கள். வீட்டில் உட்கார்ந்தால் யாரை அதட்டுவாள்? அப்பா உப்பலில் ஒரு கம்பெனி கேட்டில் வாட்ச்மேன். பாதி நாள் அங்கேயே படுத்துக்கொள்கிறார்.

நான் வேலை செய்வது தெருக்களுக்கு வரைபடம் போட்டுத் தரும் சின்ன ஆபீஸ். அங்கே பெரிய இன்ஜினியரை எல்லோரும் சார் என்றுதான் சொல்வோம். இங்கேயும் அவர் சாராகவே இருக்கட்டும். அவர் தெலுங்கில் சொல்வதைப் பெரும்பாலும் தமிழாக்கியே எழுதுகிறேன். வேலிக்குப் பதிலாக அதே இடத்தில் நடக்கிறவர்களுக்கு ஒரு மேடு போடலாம் என்று அவர் பின்னாலேயே சுற்றினேன். ஆபீஸ் படிக்கட்டு, பார்க்கிங், டிபன் பாக்ஸ் திறக்கும் நேரம், ஒன்றையும் விடவில்லை.

கடைசியில் ஒரு நாள், "ஒரு மாசம். தற்காலிகமா போட்டுப் பார். மாசக் கடைசில நானே வந்து நின்னு பார்ப்பேன். ஜனம் அது மேல நடக்கலேன்னா வேலிதான். அப்புறம் என்கிட்ட வரக்கூடாது" என்றார். ஊரின் பெரிய ஆபீசில் பேசி அனுமதியும் வாங்கித் தந்தார்.

கை காட்டும் ஊர்

ஹைதராபாத்தில் எப்படி ரோடு தாண்டுவார்கள் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். வலது கையை நீட்டுவார்கள். உள்ளங்கை வண்டியைப் பார்த்து இருக்கும். ஆசீர்வாதம் மாதிரியும் இருக்கும், அதட்டல் மாதிரியும் இருக்கும். அந்தக் கையை முன்னால் விட்டு, ஆள் பின்னாலேயே போவார்கள்.

ஆனால் யாரும் தனியாகப் போக மாட்டார்கள். ஓரத்தில் ஒருவர் நிற்பார். இன்னொருவர் வந்து சேருவார். ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். நாலைந்து பேர் சேர்ந்ததும் யாரோ ஒருவர் "சலோ" என்பார். கூட்டம் நகரும். அந்தக் கரை போனதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கலைந்துவிடுவார்கள்.

அம்மா இதில் ஒரு படி மேலே. பக்கத்தில் நிற்கிறவர் யாராக இருந்தாலும் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். கறுப்புக் கோட்டு வக்கீலின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் தாண்டியதைப் பார்த்திருக்கிறேன். அவர் மறுகையால் மொபைலில் பேசிக்கொண்டே வந்தார், கையை உதறவில்லை. பச்சை பர்தா போட்ட கர்ப்பிணிப் பெண் ஒருத்தி சில மாதங்கள் தினமும் அம்மாவோடு தாண்டினாள். பெயர்கூடக் கேட்டுக்கொண்டதில்லை. ஒரு நாள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. "பொறந்திருக்கும்" என்று அம்மா சொன்னாள். அன்று ஹோட்டலில் கேசரி போட்டதில் ஒரு கரண்டி கூடுதலாகச் சாப்பிட்டாளாம்.

நானும் அந்தச் சாலையில்தான் வளர்ந்தேன். செங்கம் பக்கத்திலிருந்து கேபிள் பள்ளம் தோண்ட வந்த கூட்டத்தோடு வந்தவர்கள் அப்பாவும் அம்மாவும். இந்த ஊரின் பழைய ஃபுட்பாத்துகளில் அப்பா கடப்பாரை படாதது குறைவு. தோண்டுவார்கள், கேபிள் போடுவார்கள், மண்ணைத் தள்ளி மூடுவார்கள். கல்லைப் பழையபடி பதிக்க மட்டும் யாரும் வர மாட்டார்கள். மண்மேட்டின் மேல் உட்கார்ந்து, தடுக்கித் தடுக்கிப் போகிற கால்களைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் என் முதல் நினைவு. செருப்பை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவேன்.

எங்கள் இரண்டு பக்கத்து வம்சத்திலும் பள்ளிக்கூட வாசலுக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். தெலுங்கு மீடியம் அரசுப் பள்ளி, பிறகு பாலிடெக்னிக், பிறகு இன்ஜினியரிங். தமிழ் எழுத்தைப் பக்கத்து வீட்டு டீச்சரிடம் கற்றுக்கொண்ட கதையை ஏற்கெனவே எழுதிவிட்டேன். இதைச் சொல்லும்போது எனக்குத் தலை கொஞ்சம் நிமிரும். நிமிரட்டும். நிமிர்வதற்குத்தான் படிக்க வைத்தார்கள்.

வரைபடத்து மனிதர்கள்

தெரு வரைபடத்தில் ஒட்டுவதற்கென்று கம்ப்யூட்டரில் தயாராக மனிதர்கள் இருப்பார்கள். கோட்டு போட்டுப் பெட்டி தூக்கியவர், நாயைப் பிடித்துக்கொண்டு போகும் பெண், ஹெல்மெட் மாட்டி சைக்கிள் ஓட்டுபவர். எவ்வளவு பெரிய சாலையானாலும் அதில் இவர்கள்தான். செகந்திராபாத் பஸ் ஸ்டாப்பில் நாயோடு நிற்கும் பெண்ணை நான் கண்டதில்லை.

அதனால் எல்லோரையும் அழித்துவிட்டு, புடவை கட்டி வயர் கூடை பிடித்த ஒருத்தியை நானே வரைந்தேன். ஒரு சாயங்காலம் முழுக்க ஆயிற்று. கூடைப் பின்னல்கூடத் தெரியும்.

சார் பார்த்துவிட்டு, "யாரம்மா இது?" என்றார்.

"எங்கம்மா சார்."

"நல்லா இருக்காங்க" என்றார்.

மேட்டின் நடுவில், தனியாக, நிமிர்ந்து, அழகாக நடந்துகொண்டிருந்தாள்.

பெஹலே ஆப்

திறப்பின் ஒரு ஓரமாக மேடு போட்டாயிற்று. வெள்ளையும் மஞ்சளுமாகப் பட்டை அடித்தோம். மோட்டார் சைக்கிள்கள் ஃபுட்பாத்தில் ஏறாமல் இருக்க, இரண்டு கரையிலும் குட்டைத் தூண்கள் நட்டு, ஒருவர் பின் ஒருவராக நுழைகிற அளவுக்கு வழி விட்டோம். புத்தகத்தில் இருந்தபடியே எல்லாம்.

முதல் நாள் காலை பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடினேன். வண்டிகள் நிற்குமா நிற்காதா என்பதுதான் என் கவலை.

வண்டிகள் நின்றன.

மேட்டைக் கண்டதும் ஆட்டோ பிரேக் போட்டது. பின்னால் வந்த காரும் போட்டது. ஒரு டவுன் பஸ்கூட மூச்சு விட்டபடி நின்றது. நான் கைதட்டாத குறை.

ஆனால் யாரும் நடக்கவில்லை.

தூண்களுக்கு நடுவே ஒரு பெரியவர் நின்றார். வெள்ளை பைஜாமா, கையில் ரொட்டிப் பொட்டலம். ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி, "ஜாவ் சாப், ஜாவ்" என்றார். பெரியவர் இடது கையை நெஞ்சில் வைத்து, வலது கையால் சாலையைக் காட்டி, "நை மியான், பெஹலே ஆப்" என்றார், முதலில் நீங்கள் போங்கள் என்று. ஆட்டோக்காரர் விடவில்லை. பெரியவரும் விடவில்லை. பின்னால் ஹாரன் கிழிந்தது. கடைசியில் ஆட்டோக்காரர் சலாம் வைத்துவிட்டுப் போய்விட்டார். பெரியவர் திருப்தியாக நின்றார். அடுத்த வண்டி வந்து நின்றது. அதையும் போகச் சொன்னார்.

காலை முழுக்க இதே கூத்து. தூணுக்கு நடுவே வருகிறவர்கள் நின்ற வண்டியைக் கை ஆட்டி வழியனுப்பினார்கள். எந்தக் கையை நீட்டி வண்டியை நிறுத்துவார்களோ, அதே கை இப்போது 'போ போ' என்றது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மேட்டை விட்டு நகர்ந்து, திறப்பின் மறு ஓரத்தில் பழைய இடத்துக்கே போய்க் கும்பலாகச் சேர்ந்து, ஓடுகிற வண்டிகளுக்கு நடுவே பழையபடி தாண்டினார்கள்.

யூசுப் சாச்சா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். சைக்கிள் கேரியரில் பெரிய ஃபிளாஸ்க்கும் ஹேண்டிலில் காகிதக் கப்புகளுமாக அந்தச் சாலையின் இரண்டு பக்கமும் டீ விற்கிறவர். வேலி வந்தால் அவருக்கும் அவ்வளவுதான், சைக்கிளைத் தூக்கிக்கொண்டு பாலம் ஏற முடியாது.

"கைக்கு ரோத்தே பேட்டி?" என்றார். நான் அழவில்லை. கண்ணில் புகை பட்டது என்றேன். ஒரு டீ கொடுத்தார்.

அம்மாவின் வெட்கம்

அதைவிட மோசம் அம்மா செய்தது. ஒரு வாரம் கழித்து அவளை நானே கண்ணால் பார்த்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கினாள். மேட்டைப் பார்த்தாள். பஸ் ஒன்று வந்து அவளுக்காக நின்றது. கூடையைக் கை மாற்றிக்கொண்டாள், முந்தானையைச் சரிசெய்தாள், டிரைவரைப் பார்த்து ஏதோ சங்கடமாகச் சிரித்துவிட்டு, விறுவிறுவென்று தள்ளிப் போய்க் கும்பலோடு சேர்ந்துகொண்டாள். அந்த முழங்காலோடு.

வீட்டுக்கு வந்ததும் சண்டை பிடித்தேன்.

"ஊரு ஒலகத்துக்கே ரோடு போடறேன், பெத்த தாயே அது மேல நடக்க மாட்டேங்கற. யாருக்காகப் போட்டேன் நான்?"

"கத்தாதடி. பக்கத்து வூட்ல காது கேக்குது."

"பஸ்ஸு நிக்குமான்னு கேட்ட இல்ல? நின்னுச்சா இல்லயா?"

"நின்னுச்சு."

"அப்புறம் என்னாத்துக்குப் போவல? பயமா?"

அம்மா நிமிராமல் காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"பயம் என்னா பயம். எம்மாம் வண்டி பாத்திருக்கேன். அதுல எத்தினி பேரு உக்காந்திருக்காங்க. ஆபீஸ் போறவங்க, ஆஸ்பத்திரி போறவங்க. அம்மாம் பேரும் நின்னு, நான் ஒருத்தி நொண்டி நொண்டிப் போறதப் பாக்கணுமா? எனக்காவ அம்மாம் பெரிய பஸ்ஸு நிக்கணுமா? வெக்கமா கீது மயேசு."

கோபம் போன இடம் தெரியவில்லை. தைலத்தை வாங்கி நான் தேய்த்துவிட்டேன். இந்த ஊரில் இத்தனை வருஷத்தில் அவளுக்காக எதுவும் நின்றதில்லை. நின்றால் எப்படி நடந்துகொள்வது என்று அவளுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

டீ சைக்கிள்

மறுநாள் பஸ்ஸில் நின்றுகொண்டே யோசித்தேன். பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றான பிறகு பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. யோசிக்க மட்டும் நிறைய நேரம் கிடைக்கிறது.

கும்பலாகப் போனால் அம்மா வெட்கப்படுவதில்லை. கும்பலுக்காக நிற்கிற பஸ் யாருக்காகவும் தனியாக நிற்பதில்லை. பெரியவரும் கும்பலில் இருந்தால் யாருக்கும் உபசாரம் சொல்லியிருக்க மாட்டார். நான் என்ன செய்திருந்தேன்? தூண்களை நட்டு, ஒருவர் பின் ஒருவராக நிற்கிற மாதிரி சந்து விட்டிருந்தேன். கும்பல் சேரவே அங்கே இடம் இல்லை. கோட்டுக்காரரும் நாய்க்காரியும் நடக்கிற ஊருக்கு அது சரி. அம்மாவை வரைந்தபோதுகூட அவள் பக்கத்தில் இன்னும் நாலு பேரை வரைய எனக்குத் தோன்றவில்லை.

சாரிடம் போனேன். "மேட்டைத் தொடலை சார். கரையை மட்டும் மாத்தறேன்" என்றேன்.

"கரையில என்ன இருக்கு? நிக்கற இடம்தானே?"

"அதான் சார். நிக்கற இடம்."

அவர் தலையை ஆட்டினார். சம்மதமா, சலிப்பா என்று நான் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

இரண்டு பக்கமும் தூண்களைப் பிடுங்கினோம். ஃபுட்பாத்தை ஒட்டிச் சாலைக்குள் ஒரு பாகத்தை எடுத்துக்கொண்டு, ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் டிரம்களை அரைவட்டமாக வைத்தோம். உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர் தாராளமாக நிற்கலாம். ஆட்டோக்கள் அங்கேதான் நிறுத்துவார்கள், அவர்கள் கொஞ்சம் முணுமுணுத்தார்கள். வேப்ப மரத்து நிழல் விழுகிற பக்கமாகப் பார்த்து வைத்தது என் சாமர்த்தியம் என்று நானே சொல்லிக்கொள்கிறேன்.

அப்புறம் யூசுப் சாச்சாவிடம் போய், காலையில் சைக்கிளை அந்த நிழலில் நிறுத்தச் சொன்னேன்.

"போலீஸ் பொலேங்கே தோ?" என்றார், போலீஸ் ஏதாவது சொன்னால் என்று.

"போலீசும் டீ குடிப்பாங்க சாச்சா."

"ஹவ், யே பீ சஹீ" என்று, அதையும் ஒப்புக்கொண்டு சிரித்தார்.

டீ இருக்கிற இடத்தில் ஆள் சேரும். சேர்ந்த ஆள் டீயை முடித்ததும் தாண்டத்தானே வேண்டும். முதல் நாள் நாலு பேர் மேட்டின் மேல் போனார்கள், சத்தமில்லாமல், ஒட்டிக்கொண்டு. அடுத்தடுத்த நாள்களில் கும்பல் அங்கேயே சேர ஆரம்பித்தது. பழைய இடத்தில் நிற்கிறவர்கள் குறைந்தார்கள். ஆனால் மாதம் முடிந்துவிட்டது.

சார் வந்த காலை

இஸ்திரி போட்ட சட்டை கசங்காமல் சார் வந்து இறங்கினார். கையைக் கட்டிக்கொண்டு டிரம்களுக்குள் நின்றார். நான் தள்ளி நின்றேன். சாலை வேலைக்கு மாட்டும் ஆரஞ்சு ஜாக்கெட் காலை வெயிலிலேயே வியர்வையில் நனைந்துவிட்டது.

அன்று பார்த்து பஸ்கள் தாமதம். நிழலில் இரண்டு மாணவிகள், ஒரு கீரைக்காரம்மா, யூசுப் சாச்சா. அவ்வளவுதான். ஒரு பஸ் மேட்டருகே வந்து நின்றது. மாணவிகள் மொபைலில் இருந்தார்கள். கீரைக்காரம்மா டிரைவரைப் பார்த்து, 'போ' என்று கையை ஆட்டினாள். பஸ் போனது. சார் என் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

அப்போது மல்காஜ்கிரி பஸ் வந்தது. பத்துப் பேர் இறங்கினார்கள். நடுவில் அம்மா, வயர் கூடையோடு. அவளுக்குச் சார் யாரென்று தெரியாது. அவர் அன்று வரப் போகிறார் என்றும் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் காலையிலேயே முருகனுக்கு வேண்டிக்கொண்டு என்னையும் பதற வைத்திருப்பாள்.

எல்லோரும் டிரம்களுக்குள் வந்து நின்றார்கள். இன்னொரு டவுன் பஸ் வந்து, மேட்டின் முன் நின்றது.

ஒரு கணம் யாரும் அசையவில்லை. கீரைக்காரம்மாவின் கை மறுபடி எழும்பியது.

அம்மா பக்கத்தில் பார்த்தாள். கையைக் கட்டிக்கொண்டு ஒருவர் முழித்துக்கொண்டு நிற்கிறார். ரோடு தாண்டத் தெரியாமல் தவிக்கிறார் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். கட்டியிருந்த கையைப் பிரித்து, மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ரண்டி சாரு, போதாம்."

வாங்க சார், போகலாம் என்று சொல்லி முடிப்பதற்குள் அவரை மேட்டில் ஏற்றிவிட்டாள்.

"ஆகண்டி, ஆகண்டி" என்றார் சார், நிற்கச் சொல்லி.

"பயபடகண்டி சாரு. பஸ் ஆகிந்தி."

பயப்படாதீங்க சார், பஸ் நின்னுடுச்சு. அம்மா! என் காதில் அது தேனாக விழுந்தது. பின்னாலேயே மாணவிகள், கீரைக்காரம்மா, பஸ்ஸிலிருந்து இறங்கிய அத்தனை பேரும். கடைசியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு யூசுப் சாச்சா. அம்மா தன் வேகத்தில்தான் நடந்தாள், வலது காலை இழுத்து இழுத்து. கும்பல் அவள் வேகத்துக்கே நடந்தது. பஸ் காத்திருந்தது. அவள் வண்டிகளின் பக்கம் திரும்பவே இல்லை. சாரைத் தைரியப்படுத்துவதில் மும்முரமாக இருந்தாள்.

அந்தக் கரையில் அவரை விட்டுவிட்டு, முகத்தைக்கூடப் பார்க்காமல் ஹோட்டல் பக்கம் திரும்பிவிட்டாள்.

சார் மறுபடி இந்தப் பக்கம் வர வேண்டும். தனியாக மேட்டில் கால் வைத்தார். ஒரு கார் அவருக்காக நின்றது. அவர் என்ன செய்தார் தெரியுமா? காலைப் பின்னால் எடுத்துக்கொண்டு, அந்தக் காரைப் போகச் சொல்லிக் கையை ஆட்டினார். இருபத்தைந்து வருஷமாக இந்த ஊருக்குச் சாலை போடுகிறவர். பிறகு யூசுப் சாச்சா டீ விற்றுவிட்டுத் திரும்பியபோது, அவர் சைக்கிளை ஒட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"அந்தம்மா யாரு?" என்றார்.

"எங்கம்மா சார்."

"டிராயிங்ல இருந்தவங்களா?"

"ஆமா சார்."

மணிக்கட்டைத் தடவிக்கொண்டார். "பிடி பலமா இருக்கு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "வேலி வேண்டாம். டிரம்மை எடுத்துட்டுக் கரையைக் கல்லுல கட்டிடு" என்றார். அதைச் சொன்ன குரலில் பெரிய பாராட்டு ஒன்றும் இல்லை. நான் அதை எதிர்பார்க்கவும் இல்லை. வேலிக்காக வந்து கிடந்த கம்பிகளை அந்த வாரமே லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன்.

"அய்யய்யோ! அவருதான் ஒன் சாரா? மொதல்லயே சொல்ல மாட்டியா? கையெல்லாம் பஸ்ஸு கம்பி அழுக்குடி!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு ரகசியமாக, "பாவம், கை நடுங்குச்சு அவருக்கு" என்றாள்.

கோட்டியில் ஒரு ஞாயிறு

இத்தோடு முடிந்திருந்தால் இந்த அத்தியாயமும் நல்லபடியாக முடிந்திருக்கும்.

கரை கல்லால் கட்டியான பிறகு அம்மாவுக்கு வெட்கம் மெல்லப் போய்விட்டது. கும்பல் இல்லாவிட்டாலும் நடக்கிறாள். மெதுவாக, பராக்குப் பார்த்துக்கொண்டு, தெரிந்த டிரைவராக இருந்தால் நலம் விசாரித்துக்கொண்டு. "எம் பொண்ணு போட்டது" என்று யாரிடமாவது சொல்லாத நாள் இல்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜாக்கெட் துணி எடுக்கக் கோட்டிக் கடைவீதிக்குப் போனோம். பஸ்ஸிலிருந்து இறங்கியதும், நான் பையைத் தோளில் மாட்டுவதற்குள், அம்மா சாலையில் இறங்கிவிட்டாள். கையை நீட்டவில்லை. வண்டி வருகிற பக்கம் பார்க்கவும் இல்லை. நிற்கும் என்று நம்பி இறங்கினாள்.

ஆட்டோ ஒன்று கிறீச்சென்று அவள் புடவையை உரசிக்கொண்டு நின்றது. நான் ஓடிப்போய் அவளை இழுத்தேன். ஆட்டோக்காரர் திட்டினார். அம்மா பதிலுக்குத் திட்டினாள்.

"அங்க செகந்திராபாத்ல பஸ்ஸே நிக்குது, ஒனக்கு என்னா கேடு?"

"இங்க மேடு இல்லம்மா!" என்று நான் கத்தினேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. "இங்க நிக்க மாட்டாங்க. இங்க பழையபடிதான் போவணும்."

அவள் என்னைப் பார்த்தாள். கோபமே இல்லை. எனக்கு ஏதோ விஷயம் புரியவில்லை என்பது போலப் பார்த்தாள்.

"ஏன்?" என்றாள்.

துணிக்கடையில் என்ன நிறம் எடுத்தோம் என்று எனக்கு நினைவில்லை. வீடு திரும்பும் வரை அவள் மணிக்கட்டை நான் விடவில்லை. நிற்பார்கள் என்று நம்ப அவளுக்கு நான்தான் கற்றுக்கொடுத்தேன். இனி அதை மறக்கச் சொல்ல என்னால் முடியாது.

கோட்டியில் மேடு போடுவதற்கான விண்ணப்பம் சாரின் மேசையில் இருக்கிறது. மேலே யாரோ பார்க்க வேண்டும், அதற்கு மேலேயும் யாரோ பார்க்க வேண்டுமாம். இன்று காலை அங்கே பணியில் இருக்கும் டிராஃபிக் கான்ஸ்டபிளிடம் பேசினேன். "நிக்கற இடம்தானே, வச்சுக்கோங்கம்மா" என்றார். மேடு வரும்வரை கும்பலாவது சேரட்டும் என்று, ஆபீஸ் கொட்டகையில் சும்மா கிடந்த டிரம்களை ஒரு டிராலி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். இப்போது அவை கோட்டி பஸ் ஸ்டாப்பின் முன்னால், புளிய மரத்து நிழலில், அரைவட்டமாக இருக்கின்றன. நான் கிளம்பும்போது உள்ளே மூன்று பேர் நின்றிருந்தார்கள்.